பங்களா நாய்க்கு முடி எடுத்த அக்கா

அந்த அக்காவுக்குக் கண் நன்றாகவே தெரியும். ஆனாலும் எதையும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய மாட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய். அதன் பிறகுதான் பேச்சு. பருப்பாக இருந்தாலும் சரி, புடவையாக இருந்தாலும் சரி, நான் பிசைந்து மூடி வைத்திருக்கும் ரொட்டி மாவாக இருந்தாலும் சரி. குசினிக்குள் நுழைந்தால் கேட்காமல் கொள்ளாமல் என் மாவில் ஒரு கிள்ளு கிள்ளித் தேய்த்துப் பார்ப்பார். "இன்னும் வரல தம்பி" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குப் போவார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரியும். நான் பங்களாச் சமையல்காரன். அவர் பங்களா நாயைப் பார்த்துக்கொள்ள வந்தவர். என் மாவு வந்துவிட்டதா வரவில்லையா என்று சொல்ல அவர் யார்?

ஒரு நாள், சரி, இவர் சொல்வதையும்தான் கேட்டுப் பார்ப்போமே என்று பொறுத்திருந்தேன். மாவு பொங்கிப் புளித்து, அடுப்புச் சூடு பட்டதும் அமுங்கிச் சப்பட்டையாகிவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை அதைத் தட்டில் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, செருப்பு?" என்று கேட்டார். நான் நேராக அக்காவிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"மாவு எனக்கு எங்க தம்பி தெரியும்? நாய் முடிதான் தெரியும்" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

மறுநாளும் வந்து கிள்ளத்தான் செய்தார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். சம்பளப் புத்தகத்தில் கணக்கப்பிள்ளை எழுதியிருப்பார். நான் கேட்டதில்லை. பங்களாவில் எல்லோருக்கும் அவர் நாய்க்கார அக்கா.

பங்களா இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலவுக்கு மேலே, காற்று நேராக வந்து அறைகிற ஒரு முகட்டில் இருந்தது. பதுளைக்கு ரயில் வராத காலம், பண்டாரவளையோடு நின்றுவிடும். தொரை கல்யாணம் ஆகாதவர். அவருக்குச் சொந்தம் என்று அந்த மலையில் இருந்தது ஒரு நாய்தான். சின்ன உருவம், சதுர மூஞ்சி, தாடி மீசை. முதுகில் கறுப்பு, கால்களில் செம்பட்டை, உடம்பு முழுக்கக் கம்பி போல முடி. டெரியர் என்பார்கள். பெயர் சாண்டி. தோட்டக் கூலிகள் குடியிருக்கிற லயத்து ஜனங்கள் அதைச் சண்டி ஆக்கிவிட்டார்கள். அதன் குணத்துக்கு அதுவே பொருத்தம். தொரையைத் தவிர யார் தொட்டாலும் கடிக்கும். என் கெண்டைக்காலில் அதன் பல் பதிந்த தடம் இன்றைக்கும் இருக்கிறது.

இந்த ஜாதி நாய்க்கு முடி வெட்டக் கூடாது. கையால் பிடுங்க வேண்டும். கேட்கவே கொடுமையாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் விஷயம் வேறு. அதன் மேல்முடி வருஷத்தில் இரண்டு தடவை முற்றிச் செத்துப்போகும். செத்தாலும் தானாக உதிராது, தோலில் குத்திக்கொண்டு நிற்கும். அதை ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றி, முடி போகிற திசையிலேயே இழுத்தால் வலியில்லாமல் வந்துவிடும். நாய் தூங்கிக்கொண்டே இருக்கும். அடியிலிருந்து புதுமுடி விறைப்பாக, கறுகறுவென்று கிளம்பும். கத்தரிக்கோலைப் போட்டால் செத்த முடியின் அடி தோலிலேயே தங்கிவிடும். பிறகு வளர்வது பஞ்சு. கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும், நனைந்தால் காயாது, நாறும். கத்தரி பட்ட டெரியரைத் தொரைமார் நாயாகவே மதிக்க மாட்டார்களாம்.

தொரை அந்த வேலையைத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தவர்தான். ஒரு தடவை குதிரையிலிருந்து விழுந்து வலது கைக் கட்டைவிரல் முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு ஆறிய பிறகு அது மடங்கவில்லை. அதன் பிறகு ஒரு நாள் கொழுந்து எடுக்கும் மலையில் போய் நின்றுகொண்டு, பெண்களின் முகத்தைப் பார்க்காமல் விரல்களையே பார்த்துக்கொண்டு நடந்தாராம். கூலிகளை மேய்க்கிற பெரிய கங்காணி என்ன குற்றமோ என்று பின்னாலேயே ஓடினாராம். கடைசியில் தொரை அக்காவுக்கு முன்னால் நின்று, "நீ. நாளைக்கு பங்களா வா" என்றார். அந்த மலையிலேயே வேகமான கை அவருடையதுதான்.

லயத்தில் பேச்சு கிளம்பாமல் இருக்குமா? தொரை ஒரு பொம்பளையை பங்களாவுக்குக் கூப்பிட்டுவிட்டு அது நாய்க்காக என்றால் எவன் நம்புவான்? அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகளைப் பெரகலவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ஒருத்தி ஜாடையாக ஏதோ இழுத்திருக்கிறாள். அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஆமாடி, எனக்கும் சண்டிக்கும் பரிசம் போட்டாச்சு. முறை செய்ய உம் புருஷனையும் கூட்டிக்கிட்டு வந்துரு" என்றாராம். அத்தோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

முதல் நாள் நடந்த கூத்தை நான் குசினி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின் வராந்தாவில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, சண்டியை அதன்மேல் நிறுத்தி, கடிக்காதபடி வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். தொரை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பைப்பை எடுத்துக்கொண்டு, "எடு" என்றார்.

எடு என்றால் கொழுந்து எடுத்த கை என்ன செய்யும்? முத்தலை விட்டுவிட்டு இளசைத்தான் எடுக்கும். சின்ன வயசிலிருந்து கங்காணிமார் தொண்டை கிழியக் கத்திப் பழக்கியது அதைத்தானே? முத்தல் இலை கூடையில் விழுந்தால் அன்றைக்குத் திட்டு தனி. அக்காவின் விரல்கள் நாயின் முதுகில் செத்து நின்ற முடியையெல்லாம் ஒழுங்காக ஒதுக்கிவிட்டு, அடியில் அப்போதுதான் முளைத்திருந்த புதுமுடியைத் தேடிப் பிடித்து வெடுக்கென்று இழுத்தன. அதுவும் மலை வேகத்தில், இரண்டு கையாலும். தொரை பைப்பைப் பற்றவைத்து நிமிர்வதற்குள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து தெரிந்தது. சண்டி முறுக்கிக்கொண்டு துள்ளியதில் வாய்க்கட்டு கழன்றது. அக்காவின் மணிக்கட்டைக் கவ்விவிட்டது.

அன்றைக்கு அந்த மலையிலிருந்து எந்தப் பெண்ணை அழைத்து வந்து நிறுத்தியிருந்தாலும் இதையேதான் செய்திருப்பாள். தொரைக்கு அது தோன்றவில்லை. குதித்தார். தன் பாஷையில் ஒரு மூச்சுக் கத்திவிட்டுப் பிறகு தமிழுக்கு வந்து கத்தினார். அக்கா ரத்தம் வழிகிற கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, எல்லாம் முடிகிற வரைக்கும் நின்றார்.

"எளசு வேணாமுங்களா?" என்று கேட்டார்.

"வேணாம்! கெழடு எடு! கெழடு!"

"முத்தலத்தான் எடுக்கணும்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே தொரை. பாவம், வாயில்லாச் சீவன்."

நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்துவிட்டேன். தொரையிடம் அப்படி ஒரு வார்த்தை யாரும் பேசி நான் பார்த்ததில்லை. மெல்ல எட்டிப் பார்த்தால், அவர் பைப்பைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்து, மடங்காத கட்டைவிரலோடு திணறித் திணறி, செத்த முடி எது, உயிருள்ளது எது என்று இழுத்துக் காட்டினார்.

லயத்தில் சொல்வார்கள், மலையில் பறந்த கை பங்களாவுக்குப் போய் மந்தமாகிவிட்டது என்று. எனக்கு அந்தத் தேய்க்கிற பழக்கமே அந்தக் கடியில் வந்ததுதான் என்று தோன்றும். அதன் பிறகு அவர் தொட்டுப் பார்க்காமல் எதையும் இழுத்ததில்லை. காலையில் பெட்டிமேல் நாயை ஏற்றி, தோளிலிருந்து வால் வரை விரலால் தேய்த்துக்கொண்டே போவார். ஓர் இடத்தில் நின்று இரண்டு முடியை இழுப்பார். நாயின் தோல் சிலிர்த்தால் போதும், கையை எடுத்துவிடுவார். "வரல" என்று நாயிடமே சொல்லி இறக்கிவிடுவார். நாளெல்லாம் இதற்காகவா சம்பளம் என்று எனக்கு வயிறு எரியும். வந்துவிட்டால் மட்டும் நிறுத்த மாட்டார். சாம்பல் வேண்டும் என்று என் கதவில் வந்து நிற்பார். விரல் வழுக்காமல் இருக்கச் சலித்த அடுப்புச் சாம்பல். தொரை கொடுத்த வெள்ளைப் பொடியைவிட இதுதான் பிடிக்கிறது என்பார். ஒரு சட்டி நிறையக் கொடுப்பேன். கொடுக்காவிட்டால் அவரே அடுப்பில் கை வைப்பார்.

அந்த முடியால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊவாக் காற்று தெரியுமல்லவா? ஆடி மாதத்தில் அடிக்கிற காற்றில் பின் வராந்தாவில் பிடுங்கிய முடி முழுக்க என் குசினிக்குத்தான் வரும். சூப்பில் மிதக்கும். புடிங்கில் ஒட்டும். ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினேன். சாக்கிலும் முடி. ஒரு நாள் விருந்துக்கு வந்த ஒரு தொரை வாய்க்குள் விரலை விட்டு ஒரு முடியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எங்கள் தொரை அதை வாங்கிப் பார்த்து, தன் பாஷையில் ஏதோ சொன்னார். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல முடி என்று சொன்னாராம். பரிமாறுகிற மேசைக்காரன்தான் எனக்குச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பண்டாரவளையிலிருந்து துணி மூட்டையோடு ஒரு பாய் வருவார். அவரையும் அக்கா படுத்திய பாடு உண்டு. ஒவ்வொரு சேலையாக எடுத்துத் தலைப்பைத் தேய்ப்பார், கரையைத் தேய்ப்பார், திருப்பிப் போட்டு மறுபடி தேய்ப்பார். பாய் தேத்தண்ணி குடித்து, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால், அப்போதும் தேய்த்துக்கொண்டிருப்பார்.

"என்னம்மா, எடுக்கிறீங்களா?"

"அடுத்த தடவ பாப்போம் பாய்."

"அடுத்த தடவ வரைக்கும் சேலை இருந்தாலும் நீங்க தேய்ச்ச தேய்ப்புல கரை இருக்காதும்மா" என்பார் பாய். ஆனாலும் மூட்டையை முதலில் அக்காவிடம்தான் அவிழ்ப்பார்.

இந்த நிதானத்துக்குக் கீழே என்ன இருந்தது என்பது எனக்கு ஒரே ஒரு தடவைதான் தெரிந்தது. அவர் சண்டியின் காதோரம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார். அந்த வருஷம்தான் மகளுக்குத் தலைப்பிள்ளை தவறியிருந்தது.

"தலை தெரிஞ்சிருக்கு தம்பி. கொஞ்சம் பொறுத்திருந்தா அதுவா வந்திருக்கும். அந்த லயத்து மருத்துவச்சிக்கு அடுத்த லயத்துல இன்னொருத்தி வலியில கெடந்தாளாம். அவசரம். கையப் போட்டு இழுத்துட்டா."

"அய்யோ."

"ஆம்பளப் புள்ள. கழுத்துல அவ வெரல் தடம் இருந்துச்சுன்னு எம் மக சொன்னா. அவளும் பொழைக்கிறது கஷ்டமுன்னாங்க." சண்டியின் காதிலிருந்து ஒரு முடியை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். "நான் பக்கத்துல இருந்திருந்தா அந்த மருத்துவச்சி கையப் புடிச்சிருப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். புடிச்சுக்கிட்டே இருந்திருப்பேன்."

சாம்பலைத் தொட்டுக்கொண்டு அடுத்த முடிக்குப் போனார். உள்ளபடி சொன்னால், அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் போனது. முழுக்கப் போகவில்லை, பாதி போனது.

அடுத்த வருஷம் காற்று அடிக்கிற பருவத்தில் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. பண்டாரவளைப் பக்கத்துக் கிளப்பில் தொரைமார் தங்கள் நாய்களைக் கொண்டுவந்து நிறுத்தி, எது அழகு என்று பார்த்துப் பரிசு கொடுக்கப் போகிறார்களாம். சாண்டி அதற்குப் போக வேண்டும், பழைய முடி ஒன்று இருக்கக் கூடாது என்று தொரை உத்தரவு போட்டார். அதே வாரம் பெரகலப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆள், அக்காவின் மகளுக்கு மாசம் நெருங்கிவிட்டது, அம்மா வரணுமென்று அழுகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா நாயைப் பெட்டிமேல் ஏற்றித் தேய்த்துப் பார்த்தார். தோளில் இழுத்தார், சிலிர்த்தது. முதுகில் இழுத்தார், சிலிர்த்தது. கீழே இறக்கிவிட்டு நேராகத் தொரையிடம் போனார். நான் தேநீர்த் தட்டோடு அங்கேதான் நின்றேன்.

"முடி இன்னும் வரலைங்க தொரை. வர்றதுக்குள்ள நான் மகளப் பாத்துட்டு வந்துர்றேன்."

"நாய் வேலை முடிச்சிட்டுப் போ."

"வராத முடிய எடுக்க ஏலாதுங்க."

"அப்ப வந்த பொறகு எடு. எடுத்த பொறகு போ."

அவ்வளவுதான். தொரையைக் குறை சொல்லியும் பயனில்லை, நிறை சொல்லியும் பயனில்லை. அவருக்கு அது ஒரு நாயும் ஒரு தேதியும்.

அக்கா குசினிப் படியில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரல்கள் இரண்டும் சும்மாவே தேய்த்துக்கொண்டிருந்தன, நடுவில் ஒன்றும் இல்லாமல். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்க் கோழி அறுக்கிற பெரிய கத்தரியை எடுத்து வந்து நீட்டினேன்.

"வெட்டி விட்டுட்டுப் போங்கக்கா. கிளப்புல தூரத்துல நின்னு பாக்கறவனுக்கு என்ன தெரியும்? தொரைக்குத் தெரியறப்ப நீங்க புள்ளையோட வந்திருப்பீங்க."

அவர் கத்தரியை வாங்கினார். அதன் வாயையும் தேய்த்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல கூர். கோழிக்கே வச்சுக்க."

மறுநாள் காலையில் அக்கா வரவில்லை. சண்டியும் இல்லை.

பங்களா அல்லோலகல்லோலப்பட்டது. உத்தரவில்லாமல் தோட்டத்தைவிட்டுப் போவதே அந்தக் காலத்தில் குற்றம். பதுளைச் சிறைக்கு, மறியல் என்போம், அனுப்பிவிடுவார்கள். இங்கே ஆளும் போய், தொரையின் நாயும் போயிருக்கிறது. பெரிய கங்காணி தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "திருட்டு முண்டை தொரை, திருட்டு முண்டை" என்று வராந்தாவில் நின்று புலம்பினார், பழி தன் தலையில் விழக் கூடாதே என்று. தொரை அன்று ஆள்கணக்கு எடுக்கிற காலைப் பெரட்டில், நாயைக் கடைசியாகப் பார்த்த தோட்டி ஒருவனை எல்லோர் முன்னாலும் பூட்ஸ் காலால் உதைத்தார். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கே போயிருப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குதிரைக்காரனை அனுப்பினார்கள். போனவன் ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான். கெண்டைக்காலில் துணிக் கட்டு. தொரைக்கு முன்னால் நின்று பயந்து பயந்து சொன்னான்.

"நாயப் புடிக்கப் போனேங்க, கடிச்சிருச்சுங்க. அந்தம்மா கட்டிவிட்டாங்க."

"அவ என்ன சொன்னா?"

"புள்ளையும் வரலையாம், முடியும் வரலையாம். ரெண்டும் வந்ததும் வர்றேன்னு சொல்லச் சொன்னாங்க தொரை."

நான் தொரையின் முகத்தைப் பார்க்கவில்லை, பயம். அவர் கங்காணியிடம் சொன்னது மட்டும் கேட்டது. கிளப்புக்குப் போகிற நாளுக்குள் நாய் முழுசாக, முடி எடுத்து, இங்கே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் போலீஸ்.

அந்த நாட்களில் நான் எதையும் ஒழுங்காகச் சமைக்கவில்லை. உப்புப் போட்டேனா என்றே தெரியாது. நாற்பது வயசுக்கு மேல் ஒரு பொம்பளை மறியலில் கிடந்து எப்படிப் பிழைப்பாள் என்று நினைப்பேன். பிறகு, எனக்கென்ன வந்தது என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

கிளப்புக்கு முந்தின நாள் மத்தியானம் குசினிப் பின்கதவில் ஒரு நிழல் விழுந்தது. அக்கா நின்றார். புடவை முழங்கால் வரை சேறு. கயிற்றின் மறு முனையில் சண்டி.

நாயைப் பார்த்தேன். வலது பக்கம் கறுத்து மின்னி, வழித்து எடுத்தது போல உடம்போடு ஒட்டி, தொரைமார் படத்தில் வருகிற நாய் மாதிரி இருந்தது. இடது பக்கம் பழைய செத்த முடி காடாக நின்றது. நடு முதுகில் கோடு போட்ட மாதிரி பாதி. இந்தப் பக்கம் ஒரு நாய், அந்தப் பக்கம் ஒரு நாய்.

"என்னக்கா இது?"

"தண்ணி குடு தம்பி மொதல்ல."

தேத்தண்ணியே கொடுத்தேன். படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"அங்க சூடு. போன கொஞ்ச நாள்ல முடி நல்லா வந்திருச்சு. இந்தப் பக்கம் முடிச்சிட்டு நாயத் திருப்பிப் போட்டேன். அவளுக்கு வலி கண்டிருச்சு. கைய எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"அந்த மருத்துவச்சிதான் வந்தா. வேற ஆள் அங்க யாரு இருக்கா? வந்தவ ஒக்காந்ததுல இருந்து கைய நீட்டிக்கிட்டே இருந்தா. நான் அவ மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டேன். திட்டினா. காறித் துப்பினா. நீ என்ன மருத்துவச்சியான்னு கேட்டா. இல்ல, நான் நாய்க்காரி, இன்னும் வரல, பொறுன்னேன்." கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு பகலும் ஒரு ராத்திரியும் புடிச்சிருந்தேன் தம்பி. வெரலு இன்னும் நீட்ட வரல, பாரு."

பார்த்தேன். விரல்கள் மடங்கியபடி இருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு முடியைக்கூட எடுத்திருக்க முடியாது.

"புள்ள?"

"அதுவாவே வந்துச்சு" என்றார். அப்போதுதான் அவர் அழுததைப் பார்த்தேன். கொஞ்சம்தான். உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் கண் கலங்கியது. ஆனால் கலங்க அது நேரமில்லை. "தொரைக்கு என்னக்கா சொல்லப் போறீங்க? நாளைக்குக் கிளப்பு. பாதி நாயக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கீங்க. போலீசுன்னு சொல்லிட்டாருக்கா" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் சண்டி குரைத்துவிட்டது. உள்ளேயிருந்து பூட்ஸ் சத்தம் வந்தது.

தொரை வராந்தாவில் வந்து நின்றார். பின்னாலேயே பெரிய கங்காணி. சண்டி ஓடிப்போய்த் தொரையின் காலில் ஏறி விழுந்தது. அவர் குனிந்து தலையைத் தடவினார். வலது பக்கத்தைப் பார்த்தார். முகம் தெளிந்தது. நாய் திரும்பியது. இடது பக்கத்தைப் பார்த்தார்.

கங்காணி வாயைத் திறந்தார். தொரை கையைக் காட்டி அடக்கினார்.

"உன் மக?" என்று கேட்டார்.

"பொம்பளப் புள்ளைங்க தொரை. ரெண்டு உசுரும் சொகம்."

தொரை தலையை ஆட்டினார். பிறகு மடங்காத கட்டைவிரலால் நாயின் இடது பக்கத்தைக் காட்டினார். "இது என்ன?"

அக்கா கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தார். தொரையை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"அந்தப் பக்கம் இன்னும் வரலைங்க தொரை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் பொய்யாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நாயின் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில்தான் முற்றும். அது எனக்கே தெரியும், தொரைக்குத் தெரியாதா? போதாததற்கு அந்த இடது பக்கத்து முடி காற்றில் தானாகவே ஒன்றிரண்டாகக் கழன்று வராந்தாவில் பறந்துகொண்டிருந்தது.

தொரை நாய்க்குப் பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். இடது கையை நீட்டி, தோள்பக்கத்தில் கொஞ்சம் முடியைப் பிடித்து இழுத்தார். முடி கேட்காமலே வந்தது. சண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை நிறையச் செத்த முடி. அதை அவர் பார்த்தார். கங்காணி பார்த்தார். நான் பார்த்தேன். பிறகு தொரை அக்காவின் முந்தானையைப் பார்த்தார். உள்ளே மடங்கிக் கிடந்த விரல்களின் நுனி வெளியே தெரிந்தது. தன் கட்டைவிரலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

எழுந்து, அந்த முடியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"செரி" என்றார். "வரட்டும்."

நாயைத் தூக்கி அக்காவின் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே போனார். கங்காணியும் ஒன்றும் புரியாமல் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே பின்னால் போனார். மறுநாள் சாண்டி கிளப்புக்குப் போகவில்லை.

அக்கா தேயிலைப் பெட்டியை இழுத்துப் போட்டார். சண்டி தானாகவே அதன்மேல் ஏறி, இடது பக்கம் மேலே தெரியும்படி படுத்துக்கொண்டது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினார். நான் குசினிக்குள் போய்ச் சாம்பல் சட்டியை எடுத்து வந்து கொடுத்தேன்.